மூன்றாம் அறையின் பொத்தான்

இது கட்டிவிட்ட கதை இல்லை. என் நாத்தனாருக்கு நடந்தது. அவளுக்குப் பொய் வராது. என் சமையலை ஒருநாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

மீன் கிடங்குகளில் குளிரை அளக்கும் பெட்டிகளைப் பொருத்துவது அவள் வேலை. உள்ளங்கை அகலப் பெட்டி. உள்ளே லினக்ஸ் என்கிற இயங்குதளம் ஓடும். பைதான் என்கிற நிரல்மொழியை முழுதாக ஏற்றினால் இடம் போதாது. அதனால் வேண்டாததையெல்லாம் வெட்டித் தள்ளி, எலும்பும் தோலுமான ஒரு பைதானை ஏற்றிவிடுவாள்.

அன்று திங்கட்கிழமை. பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கிடங்கிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அலுவலக அறையில் உட்கார்ந்து, பெட்டியைத் தன் மடிக்கணினியோடு இணைத்தாள்.

மதியம் 2.17. திரையில் ஒரு வரி.

'அறை 3: உள்ளே ஆள்.'

குளிரறைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அழுத்துகிற அவசரப் பொத்தானுக்காக அவளே எழுதிய வாசகம். விழுந்தடித்து ஓடினாள். மூன்றாம் அறைக் கதவில் பெரிய பூட்டு.

"சாவி எங்க? உள்ள யாரோ இருக்காங்க."

மேலாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "யாரும் இருக்க முடியாதும்மா. நேத்துலேர்ந்து பூட்டிக் கிடக்கு. சாவி எங்கிட்ட இல்ல."

கதவில் காதை வைத்தாள். சத்தமே இல்லை.

திரும்பி வந்தாள். 2.24. அதே வரி. 2.25. மறுபடியும்.

பெட்டிக்குள் தேடினாள். பொத்தானைக் கவனிக்கும் நிரல்... இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. இடம் போதாமல் அவளே நீக்கியது. அடுத்த முறை சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டது.

அந்த வரியை எழுத அங்கே எதுவுமே இல்லை.

பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. மடிக்கணினித் திரையில் மட்டும் வரிகள் வந்துகொண்டே இருந்தன.

'உள்ளே ஆள்.'

'உள்ளே ஆள்.'

'உள்ளே...'

2.40க்கு நின்றது.

"மூணாவது ரூம்ல என்ன நடந்துச்சு?" மேலாளரிடம் கேட்டாள்.

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சனிக்கிழம சுமை தூக்குறவர் ஒருத்தர் மாட்டிக்கிட்டார்மா. பொத்தான அமுக்கி அமுக்கிப் பாத்திருக்கார். வெளிய ஒண்ணும் வரல. ஞாயித்துக்கிழம காலையில பொணமாத்தான் பாத்தோம்... அதான் உங்களக் கூப்பிட்டோம்."

அவள் எதையும் மறைக்கவில்லை. நேரே காவல் நிலையம் போய், தான் நீக்கியதை எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் வாங்கிப் படித்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு உறையை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே விரிசல் விட்ட சிவப்புப் பொத்தான். அறுந்த கம்பி தொங்கியது.

"இதானே அந்த ரூம் பொத்தான்? ஞாயித்துக்கிழமையே கழட்டிக் கொண்டாந்துட்டோம்."