அழித்த வரி

பேய்க்கதை என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும், கிடைக்கவில்லை என்றால் ஒழுங்காகத் தேடவில்லை, அவ்வளவுதான். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது என் கண் முன்னால் நடந்தது.

திருத்தங்கலில் எங்கள் சின்ன கம்பெனி, பட்டாசு ஆலைகளுக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். அதில் ஒரு வரி, கூட வேலை பார்க்கும் ஜெபா எழுதியது. கலந்த வெடிமருந்தை அன்றே பட்டாசுக்குள் செலுத்தித் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும்; அதனால் மருந்து மிச்சம் இருந்தால் அன்றைய கணக்கை முடிக்க விடாமல் அந்த வரி தடுக்கும். அவளுடைய தம்பி ஸ்டீபன் அச்சங்குளத்தில் ஒரு ஆலையில் போர்மேன், அந்தப் பயத்தில் எழுதினாள். தீபாவளி சீசனில் அந்த ஆலை முதலாளி போன் போட்டார்.

"என்னம்மா, உங்க சாப்ட்வேரு ஆளுகளை வீட்டுக்குப் போகவிடாம மறிக்குது? மொதல்ல அதைத் தூக்குங்க."

ஜெபா எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தாள், கடைசியில் அவள் கையாலேயே அழித்தாள்.

அவள் அழித்த பிறகு, அந்த வாரமே எங்கள் நிரல்களையெல்லாம் பழைய எஸ்விஎன் கிடங்கிலிருந்து கிட் என்ற புதிய கிடங்குக்கு மாற்றினேன். இரண்டுமே யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்ற வரலாற்றைப் பத்திரமாக வைத்திருக்கும் இடங்கள். ஒன்றில் இருப்பது மற்றதில் அப்படியே வர வேண்டும். வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. புதிய இடத்திலிருந்தே ஆலைக்கும் சாப்ட்வேரை ஏற்றிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டீபன் ஆலை ஆபீசிலிருந்து கூப்பிட்டான், ஜெபா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கணக்கு முடிய மாட்டேங்குது. மருந்து மிச்சம்னே சொல்லுது. எடுத்துட்டேன்னு சொன்னியே?"

"எடுத்துட்டேனே... ஏலே, நெசமாவே மிச்சம் இருக்கா?"

"கொஞ்சம் கிடக்கு. காலையில பாத்துக்கலாம்னு விட்டோம். ஆளுக பக்கத்து ரூம்ல கைகால் கழுவிக்கிட்டு இருக்காக."

"மொதல்ல எல்லாரையும் வெளிய கூட்டு! என் மேல சத்தியம், நீ உள்ள போகாத!"

போனை வைக்காமலே ஓடியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் வெடிச்சத்தம் போனிலேயே கேட்டது. ஜெபா போனைப் பார்த்துத் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பி வந்து "எல்லாரும் இருக்கோம்க்கா" என்றான். நம்பினால் நம்புங்கள், மருந்து கிடந்த அறை தரைமட்டம், ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டு கிடங்குகளையும் திறந்து பார்த்தேன். பழையதில் அந்த வரி இல்லை. புதியதில் இருந்தது. ஜெபா அழித்த பதிவு இரண்டிலும் இருக்கிறது, திரும்பச் சேர்த்த பதிவு எதிலும் இல்லை. மாற்றும்போது ஏதோ கோளாறு என்று, மறுபடி முதலிலிருந்து வேறொரு இடத்துக்கு மாற்றிப் பார்த்தேன், அதில் அந்த வரி வரவில்லை.

"போதும், தோண்டாதீக. அது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் ஜெபா. அந்த முதலாளியும் அப்புறம் அதைத் தூக்கச் சொல்லவில்லை.

சரி, கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. கிட்டில் ஒரு வரியை எழுதியது யார் என்று கேட்டால் பெயரைக் காட்டும். தவறித் தங்கிப்போன வரி என்றால் ஜெபா பெயரைத்தானே காட்ட வேண்டும்? இன்று காலையிலும் கேட்டுப் பார்த்தேன். மேல் வரிக்கு என் பெயர், கீழ் வரிக்கு ஜெபா பெயர், அந்த வரிக்கு நேரே வெறும் இடம்.