நடவுப் பாட்டும் ஒரு பிடிஎஃப்பும்

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. போனை எடுக்கிறேன், வைக்கிறேன், திரும்ப எடுக்கிறேன்...

காரணம், என் வீட்டுக்காரர். ரிட்டயர் ஆன பிறகு கீபோர்டு கற்றுக்கொள்கிறார். நல்லதுதானே? அதோடு நின்றிருந்தால் நல்லதுதான். கீபோர்டு நண்பர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிட்டார். யாருடைய நோட்டேஷன் கிடைத்தாலும் அங்கே போட்டால்தான் அவருக்குக் காபி இறங்கும்.

என் தோழி கலைச்செல்வி முத்துப்பேட்டையில் கீபோர்டு டீச்சர். நம் பக்கத்து நடவுப் பாட்டுகளை இரண்டு கைகளாலும் வாசிக்கிற மாதிரி நோட்டேஷனாக எழுதியிருக்கிறாள். அவளுடைய முதல் புத்தகம். பதிப்பாளர் போட்ட ஒரே நிபந்தனை — எதுவும் நெட்டில் இலவசமாகக் கிடைக்கக் கூடாது. பாட்டு வரிகளில் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் பிரிண்ட் கொடுத்திருந்தாள்.

அதை டைனிங் டேபிளில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால், ஸ்கேன் ஆகி, பிடிஎஃப் ஆகி, குழுவுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. கீழே கைதட்டல் பொம்மைகள் வேறு!

“ஏங்க, இது கலையோடதுங்க!”

“நடவுப் பாட்டு எப்படிம்மா கலையோடதாகும்? வயல்ல பாடினது. ஊர்ச் சொத்து.”

கேட்டீர்களா நியாயத்தை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆறுகூடத்தான் பொது. அதுக்காக அடுத்தவங்க வெட்டின வாய்க்கால்ல கேக்காம மடையைத் திறப்பீங்களா?”

திருப்பனந்தாள் பக்கம் நிலம் இருக்கிற மனிதர். மடைத் தகராறில் மண்டை உடைந்த கதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

பாட்டு பழசு, மெட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது. சரி. ஆனால் அதற்கு எந்தக் கை எப்போது, எந்த விரல் எங்கே என்று ஒருத்தி யோசித்து எழுதினால், அந்த எழுத்து அவளுடையது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நம் கண்ணுக்குத்தான் ஃபார்வர்டு பட்டன் தவிர வேறெதுவும் தெரிவதில்லையே!

கலைக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். குழுவில் போனதை அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணன் ஆசையில போட்டுட்டாங்க, சரிக்கா... எம் பேரை எதுக்குக்கா வெட்டினாங்க?”

அப்போதுதான் பார்த்தேன். ஸ்கேன் கோணலாக விழுந்ததாம். அழகு பார்த்து மேல் ஓரத்தை வெட்டியிருக்கிறார், அவள் பெயர் இருந்த வரியோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவருக்கும் முகம் செத்துப்போயிற்று. போட்டதை உடனே அழித்தார். ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்டவர்களை என்ன செய்வது? ‘இது கலைச்செல்வி எழுதியது. கேட்காமல் போட்டது என் தவறு. எல்லாரும் அழித்துவிடுங்கள்’ என்று குழுவில் எழுதினார். பதிப்பாளரிடம் நாளைக்குப் பேசுவதாகக் கலை சொல்லியிருக்கிறாள். புத்தகம் வருமா, வராதா...

குழுவிலிருந்து முதல் பதில் இப்போதுதான் வந்தது. கூத்தாநல்லூர் நண்பர்.

“அழிச்சாச்சு சார், கவலையே படாதீங்க. மலேசியாவுல மச்சான்கிட்ட ஒரு காப்பி பத்திரமா இருக்கு!”