கீழ்வீட்டு அம்மா ஏன் எங்கள் ஜன்னலையே பார்த்தார்?

மூன்று வருடங்களுக்கு முந்தைய மார்கழி மாதம் அது. ஜேர்மனியின் வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன நகரம். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், தெருவில் ஈ காக்கை இருக்காது. இலங்கையில் பலாங்கொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த நான், துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவரோடு இங்கே குடியேறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில் பச்சைக் குழந்தை.

நான் யாரையும் லேசில் நம்பாதவள். தக்காளி வாங்கப் போனாலும் மேலே அடுக்கியிருப்பதை ஒதுக்கிவிட்டு, அடியில் கிளறிப் பார்த்துத்தான் எடுப்பேன். அப்படிப்பட்டவளுக்குக் கீழ்வீட்டு அம்மா வந்து வாய்த்தார். ஐம்பது வயதிருக்கும். நாயோடு வெளியே போகும்போதும் வரும்போதும் நின்று, அண்ணாந்து எங்கள் ஜன்னலையே பார்ப்பார். சிரிப்பே கிடையாது. மாடிப்படியில் கண்டால் குழந்தையை உற்றுப் பார்த்து, ஏதோ சொல்லி, இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டுவார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. வீட்டுக்குள் வந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவேன்.

"இங்க பக்கத்து வீட்டுக்காரங்க போன் பண்ணி ஏதாவது சொன்னா, அரசாங்கத்துல வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்களாம்" என்று இங்கே பழக்கமான தமிழ்ப் பெண் ஒருத்தி வேறு சொல்லிவைத்திருந்தாள். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்க வேணும்னா பாருங்க, அந்தப் பொம்பள நம்மள நோட்டம் விடுது" என்று கணவரிடம் சொன்னேன்.

"ஒனக்கு வேற வேலையில்ல" என்று அவர் கிளம்பிப் போய்விட்டார்.

என் அம்மா தோட்டத்திலிருந்து தினமும் வீடியோவில் வருவார். "பச்ச ஒடம்பு புள்ள, ஜன்னலத் தொறந்துறாத. குளிப்பாட்டிட்டு சாம்பிராணி போடு, சளி புடிக்காது." பலாங்கொடைக் கடையில் சாம்பிராணி வாங்கி, இங்கு வந்த ஒருவரிடம் கொடுத்தும் அனுப்பியிருந்தார்.

அன்று குழந்தையைக் குளிப்பாட்டினேன். கோடையில் இறைச்சி சுட வாங்கிய கரி மிச்சமிருந்தது. பல்கனியில் பற்றவைத்து, நன்றாகக் கனிந்ததும் பழைய இரும்புச் சட்டியில் அள்ளி அறைக்குள் கொண்டுவந்து சாம்பிராணி தூவினேன். சீலிங்கில் புகைக்கு அலறும் கருவி ஒன்று உண்டு. தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறதென்று அதை எப்போதோ பொலித்தீன் பையால் கட்டிவிட்டோம். ஜன்னல்கள் இறுக்கச் சாத்தியிருந்தன. புகை காட்டிப் படுக்கவைத்ததும் மகள் சிணுங்காமல் தூங்கிப்போனாள். கதகதப்பாக இருக்கட்டுமென்று சட்டியையும் அங்கேயே விட்டேன். அறை முழுக்க எங்கள் லயத்து வாசம். மனது குளிர்ந்துபோனது.

தலை வலித்தது. தூக்கம் கெட்டதால் என்று நினைத்தேன். அப்போது கதவு தட்டும் சத்தம். துவாரம் வழியாகப் பார்த்தால், கீழ்வீட்டு அம்மா! மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றார். சாம்பிராணி வாசத்துக்கும் புகார் கொடுக்க வந்துவிட்டாரா என்று மூச்சுக் காட்டாமல் நின்றேன். அவர் போகவில்லை. கதவைத் தட்டியவர் இடிக்கத் தொடங்கினார், கத்தினார். நாலு வார்த்தை கேட்டுவிடலாமென்று கதவைத் திறந்தேன்.

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர், குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினார்.

"ஐயோ, என் புள்ள! என் புள்ளையக் குடு!" தெரிந்த கொஞ்ச ஜேர்மனும் மறந்துபோனது. பலாங்கொடை பஸ் நிலையத்தில் கேட்ட சிங்கள வசவுகூட வாயில் வந்தது. துரத்தினேன். இரண்டு படி இறங்குவதற்குள் கால் மடங்கி விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்க்கிறேன். திறந்த வாசலில், பனிக்காற்றில் நின்று அவர் குழந்தையின் முதுகைத் தேய்க்கிறார். குழந்தை அசையவில்லை. அவர் ஏதேதோ சொல்லிச் சொல்லித் தேய்க்கிறார். பிறகு வீல் என்று ஓர் அழுகை. அதைக் கேட்டதும் அவரும் அழுதுவிட்டார்.

ஆஸ்பத்திரியில்தான் விளக்கினார்கள். மூடிய அறையில் கரி கனன்றால் ஒரு நச்சு வாயு வருமாம், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொன்னதற்கு மேல் கணவர் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. லயத்தில் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று தானாக வந்து போகும், அதனால் கரிச்சட்டியைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. இங்கேயோ ரப்பர் வைத்து அடைத்த ஜன்னல்.

அந்த அம்மா ஜன்னலைப் பார்த்த காரணத்தையும் கணவர்தான் கேட்டுச் சொன்னார். பனி கொட்டினாலும் காலையில் ஜன்னலைத் திறந்து காற்று விடுவது இந்த ஊர் வழக்கம். எங்கள் ஜன்னல் ஒருநாளும் திறக்கவில்லை, கண்ணாடியின் உள்பக்கம் நீர் வழிந்தது. சின்னக் குழந்தை இருக்கிற வீடாயிற்றே என்று அவர் தினமும் பயந்திருக்கிறார். கைகளை விரித்து விரித்துக் காட்டியதும் ஜன்னலை அகலத் திறக்கச் சொல்லித்தான். அன்று கரிப்புகை மாடிப்படி வரை மணந்ததும்தான் ஓடி வந்தாராம்.

என் அம்மாவிடம் சொன்னபோது, வீடியோவிலேயே இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு, "அந்தம்மாவ நான் கும்புட்டேன்னு சொல்லு புள்ள" என்றார்.

என் சந்தேக புத்தி போய்விட்டது என்று சொன்னால் பொய். தக்காளியை இன்றும் கிளறித்தான் எடுக்கிறேன். ஆனால் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலை அகலத் திறந்து மகளைத் தூக்கிக் காட்டுகிறேன். கீழே நாயோடு நின்று அவர் அண்ணாந்து பார்க்கிறார். என்றைக்காவது அவர் பார்க்காமல் போய்விட்டால், அன்று முழுக்க எனக்குத்தான் பயமாக இருக்கிறது.