புள்ளி இல்லாத படம்

சவரிமுத்து போய்விட்டான் என்ற செய்தியைத் தொழிற்சாலை வாசல் காவலர்தான் என்னிடம் சொன்னார். மூக்கண்டப்பள்ளியிலிருந்து அவன் மைத்துனர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கையில் இருந்த இரும்பு வார்ப்பைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன்.

அவனோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், வார்ப்புகளில் விரிசல் பார்க்கக் கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைத்துச் சோதனை மேடை அமைத்தவன் அவன். ஓர் ஆயுத பூஜை முடிந்த மறுநாள், அந்த மேடை நல்ல வார்ப்பையெல்லாம் ஏதோ புள்ளி இருப்பதாகக் கழித்துத் தள்ளியது. நான் புரோகிராமைக் குடைந்துகொண்டிருந்தேன். அவனோ பத்துப் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, “வார்ப்பு மாறுது, புள்ளி மட்டும் நகரவே இல்ல. கோளாறு பொருள்ல இல்லப்பா, கண்ணுல இருக்குது” என்றான். கேமராவின் கண்ணாடியில் குங்குமம். வைத்தவன் நான்தான் என்று நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்குத் தெரியாமலும் இல்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் நெஞ்சு எக்ஸ்ரேயோடு வந்தான். நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளி.

“அந்த மெஷின்ல ஏதாச்சும் ஒட்டியிருக்கும்” என்றேன்.

“பெங்களூர்லயும் எடுத்துப் பாத்துட்டேம்ப்பா. அங்கயும் அதே இடந்தான்.”

அந்தப் புள்ளியின் ஓரங்களைத் தெளிவாகப் பார்க்க விரும்பினான். பின்னாலிருந்து விளக்கடித்து, எக்ஸ்ரேயைக் கேமராவுக்கு அடியில் வைத்தோம். நான் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்தோடு சராசரி செய்து படத்தில் தூசிபோலத் தெரியும் இரைச்சலைக் குறைப்பது எங்கள் வழக்கம். ஒருமுறை செய்தால் போதும். நான் திரும்பத் திரும்பச் செய்தேன். புள்ளி மங்கியது, கரைந்தது, இல்லாமலே போனது.

“பாரு சவரி, காணோம்” என்றேன்.

அவன் சிரித்தான். “இவ்ளோ தேய்ச்சா விரிசல் விட்ட வார்ப்பும் நல்ல வார்ப்புதான். பழைய படத்தக் கொண்டாப்பா.”

பழைய படத்தைத் திரும்பக் கொண்டுவரும் கீயை என்னால் அழுத்த முடியவில்லை. அவனே எட்டி அழுத்தினான். இத்தனை வருஷச் சிநேகிதத்தில், அவன் உயிருக்கு நான் செய்ய முடிந்தது அந்தப் பித்தலாட்டம் மட்டும்தான்.

அன்று அவன் இரண்டு படங்களையும் ஒரே பிளாப்பியில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவனுடையதாக என்னிடம் இருப்பது அதுதான். அடக்கம் முடிந்து வந்ததும் அதைக் கம்ப்யூட்டரில் போட்டேன். எந்தப் படம் உண்மை என்று எனக்குத் தெரியும். மற்றதைத்தான் திறந்தேன்.