கடைசி ரீலில் வரும் போலீஸ்

என் மாமனார் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைப் படம் பார்க்க அவரோடு போவது எங்களுக்கெல்லாம் தண்டனை. கதாநாயகன் தனியாளாகப் பத்துப் பேரை அடித்துப் போட்டு, வில்லனையும் கட்டி வைத்த பிறகு ஜீப்பில் போலீஸ் வந்து இறங்கும். "இத்தனை வருஷம் நான் இதைத்தான் பண்ணிட்டிருந்தேனா?" என்று அடுத்த வரிசைக்கும் கேட்கும்படி கேட்பார்.

தி.நகர் உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் படம் எடுக்கும் ஆசை வந்தது. மாமனாரை சர்வீஸ் காலத்திலிருந்தே அவருக்குத் தெரியும். ஒரு நாள் மந்தைவெளி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"போலீஸ் படம்னாலே ஜனங்க சிரிக்காங்க ஐயா. நம்ம படத்துல ஒரு தப்பு இருக்கக் கூடாது. நீங்க வந்து பக்கத்துல இருந்து சொல்லணும்."

மாமனார் அன்றைக்கே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வங்கியில் வேலை, சனிக்கிழமை அரை நாள். ஸ்கூட்டரும் இருந்தது. ஆகவே அவரைப் பனகல் பார்க்குக்குப் பின்னாலிருந்த படக் கம்பெனி வீட்டுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு மருமகனான என் தலையில் விழுந்தது.

அங்கே கூடத்தில் ஜமக்காளம் விரித்து, திண்டில் சாய்ந்தபடி டைரக்டர் கதை சொன்னார். அடையாற்றில், ஆற்றங்கரையில் வில்லனுக்கு ஒரு பங்களா. அதன் அடியில் பாதாள அறை. அறை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "ஆத்தங்கரையில கொஞ்சம் தோண்டினாலே தண்ணி வந்துடுமே. பாதாள அறை எப்படிக் கட்டுவான்?"

டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். மடக்கிவிட்டோம் என்று மாமனார் என்னைப் பார்த்தார்.

"தண்ணி வரட்டும் சார்," என்றார் டைரக்டர். "அதுல முதலை விட்டுடலாம்."

எல்லாரும் சபாஷ் என்றார்கள். டைரக்டருக்கு ஆட்சேபணையும் ஒரு மூலப்பொருள்தான் என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியாமல் நானும் வாயைக் கொடுத்தேன். கதையில் ஒரு வங்கிக் கொள்ளை இருந்தது. பெட்டக அறையை ஒரு சாவியால் திறக்க முடியாது, இரண்டு அதிகாரிகளிடம் இரண்டு சாவி இருக்கும் என்று சொன்னேன்.

"ரெண்டு சாவியா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ அண்ணன்கிட்ட ஒண்ணு, தம்பிகிட்ட ஒண்ணு. சின்ன வயசுல பிரிஞ்சவங்க. சாவியை வெச்சுத்தான் சேர்றாங்க."

மாறுவேஷமென்று கன்னத்தில் ஒரு மரு ஒட்டிக்கொண்டால் கூடப்பிறந்தவனுக்கே அடையாளம் தெரியாதா என்று மாமனார் கேட்டார். தெரிந்தால் படம் இடைவேளையிலேயே முடிந்துவிடும் என்று பதில் வந்தது.

கடைசியில் டைரக்டர், "சரி சார், நிஜத்துல திருடனை எப்படிப் பிடிப்பீங்க? அதைச் சொல்லுங்க," என்றார்.

மாமனார் உண்மையைச் சொன்னார். "பெரும்பாலும் அவன் சொந்தக்காரங்களே வந்து சொல்லிடுவாங்க. நாங்க போறப்போ சாப்பிட்டுக்கிட்டு இருப்பான். கையைக் கழுவிட்டு வாப்பான்னு சொல்வோம். சட்டையைப் போட்டுக்கிட்டு வருவான்."

"சண்டை?"

"எதுக்கு?"

ஜவுளிக்கடைக்காரர் துக்கம் விசாரிப்பதுபோல மெல்லக் கேட்டார். "ஒரு சண்டைகூட உங்களுக்கு அமையலையா ஐயா?"

திரும்பி வரும்போது மாமனார் லஸ்ஸில் ஒரு காப்பிக் கடையில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, காப்பியைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாப்பிள்ளை, முதலை இருந்தா மேல ஒரு மரப்பாலம் வேணும். ரெண்டு பக்கமும் கயிறு. வில்லன் ஒரு கயித்தை அறுக்கணும். அப்பத்தான் எடுபடும்."

அடுத்த சனிக்கிழமை பாலம் கதைக்குள் வந்தது. அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் மூன்று மணியாகிவிட்டால் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். கைத்துப்பாக்கி வைத்த ஊன்றுகோல் அவருடைய யோசனை. கதாநாயகியின் கொண்டைக்குள் மைக் வைத்ததும் அவர்தான்.

நன்றிக்கடனாக, கடைசிக் காட்சியில் வரும் போலீஸ் அதிகாரி வேஷத்தை அவருக்கே கொடுத்தார்கள். ஒரே வசனம்: "யாரும் அசையாதீங்க, கட்டடத்தைச் சுத்தி வளைச்சுட்டோம்." வடபழனி ஸ்டூடியோவில் படப்பிடிப்பு. வாடகை யூனிபாரத்தில் மாமனாரைப் பார்த்தபோது எனக்கே விறைப்பாக நிற்கத் தோன்றியது.

ஜீப் வந்து நின்றது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நடந்து வந்து, கிட்டே நிற்பவனுக்குச் சொல்வதுபோல வசனத்தைச் சொன்னார்.

"கட்," என்றார் டைரக்டர். "சார், கொஞ்சம் போலீஸ் மாதிரி வாங்க."

மறுபடி எடுத்தார்கள். அதற்கு மேலும் எடுத்தார்கள். ஸ்டண்ட் மாஸ்டர் என் தோளில் கை வைத்தார்.

"தப்பா நெனச்சிக்காத நைனா. பெரியவரு நல்லாதான் கீறாரு. ஆனா போலீஸ் களை வரல."

"அவர் நிஜமாவே போலீஸா இருந்தவருங்க."

"அதான் பிரச்சினை போல கீது," என்றார் அவர்.

பெரிய மீசை வைத்த ஒரு துணை நடிகருக்கு யூனிபாரத்தை மாற்றினார்கள். அவர் ஜீப் நிற்பதற்குள் குதித்து, துப்பாக்கியைச் சுழற்றி, கூரை அதிரக் கத்தினார். ஒரே டேக்கில் ஓகே. மாமனார் பனியனோடு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா பண்றான்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அன்றைக்கு லஸ்ஸில் நிறுத்தச் சொல்லவில்லை.

படம் வெளியான வாரம் குடும்பத்தோடு போனோம். முதலைக்குக் கைதட்டல். பாலத்தின் கயிறு அறுந்தபோது விசில் பறந்தது. மாமனார் நாற்காலியில் நிமிர்ந்துகொண்டார். இடைவேளையில் பக்கத்துத் தெரு வக்கீல் சோடாவோடு வந்தார்.

"ஏன் சார், இத்தனை பேர் சுட்டும் ஹீரோ மேல ஒரு குண்டுகூடப் படலையே. நீங்க சர்வீஸ்ல இருந்தவர், இப்படியும் நடக்குமா?"

"ஓடற ஆளைச் சுடறது லேசில்ல சார்," என்றார் மாமனார், கோர்ட்டில் சாட்சி சொல்லும் குரலில். "கடல் காத்து வேற. துப்பாக்கில ஈரம் ஏறிடும்." என் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் அடையாறு பஸ்ஸின் கூரையில் சண்டை போட்டான். பஸ் ஒரு மூலையில் திரும்பியது. திடீரென்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"யோவ், அடையாறு பஸ் இன்னாத்துக்கு வடபழனி கோயிலாண்ட திரும்புது?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. முதலையையும் மருவையும் பாதாள அறையையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ஜனங்கள் பஸ்ஸை மன்னிக்கவில்லை. கடைசியில் மீசைக்காரர் ஜீப்பிலிருந்து குதித்துக் கத்தியபோது பாதிப் பேர் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

படம் சுமாராக ஓடியது. ஜவுளிக்கடைக்காரர் அசரவில்லை, தீபாவளி கழிந்ததும் அடுத்த படத்துக்காக மந்தைவெளி வீட்டுக்குக் கார் அனுப்பினார்.

"இந்தத் தடவை என்ன தப்பு கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று மாமியார் கேட்டார்.

"தப்பா?" மாமனார் நெற்றியில் விபூதியைச் சரிசெய்துகொண்டார். "ஹெலிகாப்டரை எங்க இறக்கறதுன்னு தெரியாம முழிக்கறாங்களாம். ஜவுளிக்கடை மொட்டை மாடியிலேயே இறக்கிடலாம்னு சொல்லப் போறேன்."