சாப்பாட்டுக்கு முன் ஒரு வசனம்

விளிம்பில் பெயர் வெட்டிய ஒரு எவர்சில்வர் தட்டு. எங்கள் நாடகத்துக்குத் தேவைப்பட்ட ஒரே சாமான் அதுதான். டைம்கீப்பர் ஐயா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். வெட்டியிருந்தது அவர் மனைவியின் பெயர். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் காலமெல்லாம் பஸ்களுக்கு நேரம் குறித்து ஓய்வு பெற்றவர் அவர். நான் டெலிபோன் எக்சேஞ்சில் இருந்தேன். தொண்ணூறுகளில் எங்களைப்போல நாலைந்து பேருக்கு நவீன நாடகப் பைத்தியம் பிடித்திருந்தது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கிழவனும் கிழவியும் கருமாதிச் சாப்பாட்டுக்கு ஊரை அழைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். யாரும் வரவில்லை. கருமாதி யாருக்கு என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது. "செத்தது நீயா, நானா?" என்று ஐயா கேட்பார். தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு கிழவியான நான், காலித் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "நான்தாங்க. நீங்க சாப்டுங்க" என்பேன். அவர் வெறும் தட்டைப் பிசைந்து சாப்பிடுவார். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அடி அண்ணாமலையில் கடைசியாகப் போட்டபோது அந்தக் கேள்வியை அவர் விடாமல் கேட்டார். நானும் விடாமல் பதில் சொன்னேன். சிரிப்பு கூடிக்கொண்டே போனது. இந்த மாதிரி நாடகத்தில் வசனம் மறந்தால் யாருக்குத் தெரியும்? மனுஷன் பிரமாதமாக இழுக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். முன்வரிசையில் இருந்த அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஐயாவுக்குத் தெருவும் ஆட்களும் மறக்கத் தொடங்கி நாளாகியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் அந்த அம்மா என்னை வரச்சொல்லி அனுப்பினார். ஐயா என்னை யாரோ என்று பார்த்தார். அவர் முன்னால் அதே தட்டில் ரசஞ்சோறு ஆறிக்கிடந்தது.

"ரெண்டு நாளா சோத்துல கை வெக்கமாட்டேன்றாரும்மா. செத்தது நீயா நானானு அதையே கேக்கறாரு. யாரும் சாவலனு சொன்னா நம்பமாட்டேன்றாரு. அதுக்கு நாடகத்துல நீ என்னா சொல்லுவ? சொல்லிக் குடும்மா."

மஞ்சள் பூசிய முகமும் குங்குமமுமாக நிற்கிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் விடவில்லை, சொன்னேன். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, தட்டை நகர்த்தினார்.

"நான்தாங்க. நீங்க சாப்டுங்க."

ஐயா தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அவர் போய்ச்சேரும்வரை ஒவ்வொரு வேளையும் அந்த அம்மா அதைச் சொல்லித்தான் சோறு போட்டார்.

இப்போது எனக்குப் பவுடர் வேண்டாம். தலை தானாகவே நரைத்துவிட்டது. ஆனாலும் ஐயாவின் கருமாதி நாள் கண்ணைவிட்டுப் போகவில்லை. நாடகத்தில் வராத ஊர் அன்றைக்கு வந்து, பந்தி பந்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது. தன் பெயர் வெட்டிய தட்டின் முன்னால் அந்த அம்மா சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவரைச் சாப்பிடவைக்க என்னிடம் வசனம் எதுவும் இல்லை.