அக்கா தூக்காத பிள்ளை

அந்த வருஷம் தேவகி அக்காவின் ரவிக்கை எல்லாவற்றிலும் கழுத்தோரம் ஊதாக் கறை இருக்கும். துவைத்தாலும் போகாது. நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டு அனுப்புவார்கள். அந்தக் கோட்டுக்குள்தான் கரண்ட் வைக்க வேண்டும், தண்ணீர் படக்கூடாது என்று...

கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கரண்ட் வைப்பது.

2006. அக்காவுக்கு மார்பில் கேன்சர். ஆபரேஷன் முடிந்து, கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அம்மா இல்லாத எனக்குத் தலைப்பிரசவம் பார்க்க வேண்டியவள் அவள்தான். அவளுக்குப் பிள்ளை கிடையாது. "மொதக் குளியல் நான்தான்டி ஊத்துவேன்" என்று எனக்கு நாள் தள்ளிப்போனதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரசவத்துக்குச் சிதம்பரத்திலிருந்து அவள் வீட்டுக்கு வந்தேன். அபி பிறந்தாள். பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அக்கா ஆரத்தி எடுக்க வரவில்லை. பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் தட்டைக் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டிலேயே நின்றுகொண்டாள்.

"ஏன்க்கா?"

"எங்கிட்ட குடுக்காதடி. ஒடம்பு பூரா கரண்ட் இருக்கு."

"டாக்டரு சொன்னாரா?"

"அவரு எதுக்குச் சொல்லணும்? மிஷினப் போட்டதும் நர்சுங்கெல்லாம் வெளிய போயி கதவ சாத்திக்கிறாங்க. அவுங்களே நிக்க மாட்டாங்கன்னா, உள்ள படுத்துட்டு வர்றவ மேல எவ்ளோ இருக்கும்? பச்சப்புள்ளடி அது."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. "அவ சொல்றதும் சரிதான்" என்றார் மாமா. டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்கிற பழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது.

மேரி அக்காதான் காலை நீட்டி உட்கார்ந்து அபியைக் குளிப்பாட்டுவாள். அக்கா கதவோரம் நின்று அதிகாரம் பண்ணுவாள்.

"மூக்குல தண்ணி போவப்போவுது, தலயத் தூக்கிப் புடி... தொட மடிப்புல எண்ண தேயி."

"நீயே வந்து ஊத்தேன் தாயி" என்று மேரி அக்கா சலித்துக்கொண்டால், சிரித்தபடி உள்ளே போய்விடுவாள். அபி அழுதால் அடுத்த ரூமிலிருந்து தாலாட்டு மட்டும் வரும்.

கரண்ட் வைத்து முடிந்த பிறகும், "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்" என்றாள். அதற்குள் என் வீட்டுக்காரருக்கு குஜராத்தில் வேலை. நாங்கள் திரும்பி வந்தபோது அபி ஓடியாடும் பெண். அக்கா ஆசையாகக் கையை நீட்டினாள். அபி என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பிறகு ஒரு செக்கப்பில்தான், பேச்சுவாக்கில் அக்கா இதைச் சொல்ல, டாக்டர் பதறிவிட்டார்.

"ஒடம்புல ஒண்ணும் தங்காதும்மா. மெஷின் நின்னா அதோட சரி. நர்சுங்க வருஷக்கணக்கா அங்கயே வேலை பாக்குறவுங்க, அதனால வெளிய போறாங்க. நீங்க அன்னிக்கே தூக்கியிருக்கலாமே..."

ஒரே ஒரு கேள்வி... யாராவது கேட்டிருக்கலாம்.

அக்காவுக்குக் கரண்ட் வைத்த அந்தப் பழைய கோபால்ட் மெஷின் இப்போது இல்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொடுக்க, புது மெஷின் வைத்தியம் பார்க்கிறது. எந்தச் சந்தேகம் வந்தாலும் ஜனங்கள் போனில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். அபியும் காலேஜ் போகிறாள், பெரியம்மாவிடம் நன்றாகத்தான் பேசுகிறாள்.

போன மாதம் அக்காவை செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். கரண்ட் வைத்துக்கொண்டு வெளியே வந்த ஒரு பெண், காத்திருந்த புருஷனிடமிருந்து கைக்குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கேன்டீன் பக்கம் போனாள். அவ்வளவு சாதாரணமாக.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அபி பொறந்தப்ப எவ்ளோ கனம்டி இருந்தா?"